ஆர்.எஃப்.ஐ.டி: டோல்கேட்டில் இருந்து கோயில் யானை வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடோன்களிலும் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களிலும் ஆர்.எஃப்.ஐ.டி டேக்கைப் படிக்கும் ரீடர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். போகும் இடமெல்லாம் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டேக்கில் இருப்பது பெரும்பாலும் வெறும் எண்தான். அந்த எண் யாருடையது, எந்தப் பொருளுடையது என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் உள்ள பேரேட்டில் இருக்கிறது. பாதிச் சந்தேகங்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆர்.எஃப்.ஐ.டி என்றால் என்ன?

ரேடியோ அலை மூலம் ஒரு பொருளை அடையாளம் காண்பது. இதற்கு மூன்று பேர் வேண்டும். பொருளில் ஒட்டியிருக்கும் டேக், அதைப் படிக்கும் ரீடர், படித்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கும் கணினி. டேக்கைப் பிரித்துப் பார்த்தால் மணல்துகள் அளவுக்கு ஒரு சிப்பும், அதைச் சுற்றி அலுமினியம் அல்லது செம்பினால் ஆன ஆன்டெனாவும் இருக்கும். உங்கள் காரின் ஃபாஸ்டேக், ஆபீஸ் கதவைத் திறக்கும் கார்டு, மெட்ரோ பயண அட்டை எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

பேட்டரி இல்லாமல் எப்படி வேலை செய்கிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

டேக்குக்கான மின்சாரத்தை ரீடர்தான் கொடுக்கிறது. ஆபீஸ் கார்டைக் கதவருகே காட்டும்போது ரீடரில் உள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கார்டுக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு மின்சாரம் தாவுகிறதல்லவா, அதே கதைதான் இங்கும். சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது.

ஃபாஸ்டேக் மாதிரி தூரத்திலிருந்து படிப்பவற்றின் வழி வேறு. ரீடர் அனுப்பும் அலை டேக்கின் ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும். சிப், தன் ஆன்டெனா அந்த அலையை எதிரொளிக்கும் அளவை நொடிக்குப் பல்லாயிரம் தடவை கூட்டிக் குறைக்கிறது. சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்திருப்பீர்கள். கண்ணாடிக்கு என்று சொந்த வெளிச்சம் கிடையாது. ஆனாலும் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சேதி சொல்லிவிடலாம். டேக்கும் அதைத்தான் செய்கிறது. இதற்குச் சிப்புக்கு வேண்டிய மின்சாரம் மைக்ரோவாட் கணக்கில்தான்.

பேட்டரி உள்ள டேக்குகளும் உண்டு. அவை நூறு மீட்டருக்கும் அப்பாலிருந்து பேசும். ஆனால் விலை அதிகம், பேட்டரி தீர்ந்தால் டேக்கும் தீர்ந்தது. சுரங்கம், பெரிய கண்டெய்னர் யார்டு போன்ற இடங்களில்தான் அவற்றுக்கு வேலை.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில், வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று ரேடார் மூலம் கேட்டறியும் கருவிகள் வந்தன. 1945இல் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். உள்ளே சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர்பெறும். 1952 வரை அது தூதரின் சுவரிலேயே தொங்கியது. எதிரொளிக்கும் அலையில் தகவல் அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மேன் கட்டுரை எழுதியது 1948இல். 1973இல் மரியோ கார்டுல்லோவும் சார்லஸ் வால்டனும் அமெரிக்காவில் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். வால்டனுடையது சாவி இல்லாமல் கதவு திறக்கும் அட்டை. இன்று நாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும் அடையாள அட்டையின் பாட்டன் அதுதான்.

பார்கோடு இருக்கும்போது இது எதற்கு?

பார்கோடு மலிவானது, நம்பகமானது. அது போதுமான இடத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

ஆனால் பார்கோடைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆர்.எஃப்.ஐ.டி டேக் பெட்டிக்குள் மூடிக் கிடந்தாலும் பதில் சொல்லும். நூறு டேக்குகள் ஒரே சமயத்தில் கத்தினால் குழம்பாதா என்று கேட்பீர்கள். ரீடர் முதலில் எல்லா டேக்குகளையும் ஆளுக்கொரு எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. பிறகு இறங்குமுகமாக எண்ணுகிறது. யாருடைய எண் பூஜ்யத்துக்கு வருகிறதோ அவர் பேசலாம். இரண்டு பேர் மோதிக்கொண்டால் அவர்களுக்கு அடுத்த சுற்றில் வாய்ப்பு. இப்படி நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படித்துவிடுகிறது.

இன்னொரு வித்தியாசம்: கடைப் பார்கோடு 'இது நீல நிற எம் சைஸ் சட்டை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். டேக், 'அந்தச் சட்டைகளில் நான் இன்னார்' என்று தன் வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்லும்.

எல்லா டேக்கும் ஒன்றுதானா? என் போனால் ஃபாஸ்டேக்கைப் படிக்க முடியுமா?

முடியாது. மூன்று முக்கிய அலைவரிசைகள் இருக்கின்றன. 125 முதல் 134 கிலோஹெர்ட்ஸ் வரையிலானது சில சென்டிமீட்டர்தான் எட்டும், ஆனால் தண்ணீரும் சதையும் அதற்குத் தடையில்லை. அதனால் விலங்குகளுக்கு அதுதான். 13.56 மெகாஹெர்ட்ஸ் மெட்ரோ அட்டை, பாஸ்போர்ட், நூலகப் புத்தகம் ஆகியவற்றில் இருக்கிறது. போனைத் தொட்டுக் காட்டிப் பணம் கட்ட உதவும் என்.எஃப்.சி இதன் பிள்ளை. மூன்றாவது 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யு.எச்.எஃப். பல மீட்டர் தூரம் எட்டும். ஃபாஸ்டேக், ஆடை, குடோன் எல்லாம் இதில். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் சிறு பட்டையிலும், அமெரிக்காவில் 902 முதல் 928 வரையிலும் இயங்குகிறது. திருப்பூரில் ஒட்டும் டேக்கை நியூயார்க் கடையில் படிக்க வேண்டும் என்றால் அது இரண்டு பட்டைகளுக்கும் பதில் சொல்வதாக இருக்க வேண்டும்.

சிக்னலில் வாட்ச் கட்டிய சிறுவன் கண்ணாடியைத் துடைத்து ஃபாஸ்டேக் பணத்தை எடுத்துவிடுவானாமே?

கையில் கட்டிய வாட்ச்சால் ஃபாஸ்டேக்கை ஸ்கேன் செய்து பணம் திருடுவதாகக் காட்டி 2022இல் பரவிய வீடியோ அது. இன்றும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நடக்காத காரியம். ஃபாஸ்டேக் கணக்கை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமும் (என்.பி.சி.ஐ) அப்போதே மறுத்தது.

ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை, எண்தான் இருக்கிறது. டோல்கேட் ரீடர் அந்த எண்ணைப் படித்ததும், அந்தச் சுங்கச்சாவடியின் வங்கி வழியாகக் கழகத்தின் மையக் கணினிக்குக் கேள்வி போகிறது. இந்த எண் எந்த வங்கி கொடுத்தது, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று அங்கே பார்த்த பிறகுதான் உங்கள் வங்கியிலிருந்து கட்டணம் கழிகிறது. அந்தச் சங்கிலியில் பதிவு செய்யப்பட்ட சுங்கச்சாவடிகளும் அவை போன்ற வணிகர்களும் மட்டுமே பணம் கேட்க முடியும். எண்ணைத் தெரிந்துகொண்ட ஒருவரால் தன் கணக்குக்கு ஒரு ரூபாயைக்கூட நகர்த்த முடியாது. அந்த வீடியோ கண்ணாடி துடைத்துப் பிழைக்கும் பிள்ளைகள் மேல் வீண் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

அப்படியானால் ஃபாஸ்டேக் ஏன் சில நேரம் படிக்காமல் போகிறது?

பெரும்பாலும் ஒட்டிய விதம். முன்கண்ணாடியின் உட்புறம், நடுவில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டுவது சரி. சில கார்களின் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். உலோகம் ரேடியோ அலைக்குச் சுவர் மாதிரி. அத்தகைய காரில் பூச்சு இல்லாத இடம் எது என்று கையேட்டில் பார்த்து அங்கே ஒட்ட வேண்டும். பிய்த்து மறுபடி ஒட்டினால் ஆன்டெனா கிழியும். அப்படிக் கிழிவதற்காகவே செய்யப்பட்டது அது. ஒட்டாமல் கையில் தூக்கிக் காட்டுபவர்களின் டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025இல் அறிவித்தது.

பலருக்குத் தெரியாத விதி ஒன்றும் இருக்கிறது. உங்கள் டேக் செல்லுபடியாகி, கணக்கில் போதிய பணமும் இருந்து, சுங்கச்சாவடியின் கருவிதான் பழுது என்றால், கட்டணம் இல்லாமல் கடந்து செல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2018இல் வந்த திருத்தம் இது. பூஜ்ய ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறை உங்கள் டேக்கில் என்றால், 2025 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ரொக்கமாக இரு மடங்கு. யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

மலேசிய உறவினர்கள் ஹெட்லைட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். அதுவும் இதே வகை டேக்தான். அங்கே டச் அண்ட் கோ என்ற பெயரில் வருகிறது.

நாய்க்குப் போடும் மைக்ரோசிப் தொலைந்த நாயைக் கண்டுபிடித்துக் கொடுக்குமா?

நாயைத் தேடித் தராது. கிடைத்த நாய் யாருடையது என்று சொல்லும். இந்த வித்தியாசம் முக்கியம். அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குழாய்க்குள் 134.2 கிலோஹெர்ட்ஸ் சிப். ஊசியால் தோலுக்கடியில் வைப்பார்கள். அதில் ஜி.பி.எஸ் இல்லை, பேட்டரியும் இல்லை. கருவியைத் தோலை ஒட்டிக் கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கிய பிறகு இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வருகிறது. வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ பதிவேட்டில் மாற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் பழைய போன் எண்ணே இருந்தால் சிப்பால் நாய்க்கு ஒரு பயனும் இல்லை.

கோயில் யானைகளுக்கும் இதே சிப் உண்டு. ஒரு யானை இறந்ததை மறைத்து இன்னொன்றை அதன் பெயரில் காட்டும் மோசடிக்கு இது ஓரளவு தடை. மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் தோட்டில் சிப் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நம்மூரில் பரவலாகப் போடப்படும் 12 இலக்கத் தோட்டில் இருப்பது பார்கோடு மட்டும். ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு ஆர்.எஃப்.ஐ.டி தோடே கட்டாயம்.

2000 ரூபாய் நோட்டில் சிப் இருந்தது உண்மையா?

இல்லை. 2016 நவம்பரில் கிளம்பிய வதந்தி. பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். பேட்டரியில்லாத டேக்கை நல்ல ரீடரால் பத்து மீட்டருக்கு அப்பால் படிக்கவே நாங்கள் படாதபாடு படுகிறோம். ரேஷன் ஸ்மார்ட் கார்டிலும் சிப் இல்லை, க்யூ.ஆர் கோடுதான்.

ஆடைத் தொழிலில் இதனால் என்ன லாபம்?

ஆர்.எஃப்.ஐ.டி நன்றாக வேரூன்றிய துறை என்றால் இதைத்தான் சொல்வேன். முதலில் தோற்றுத்தான் வென்றது. 2003இல் வால்மார்ட் தன் முதல் 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் டேக் ஒட்ட வேண்டும் என்றது. டேக் விலை அதிகம். ஷாம்பு பாட்டிலிலும் தகர டப்பாவிலும் அது சரியாகப் படிக்கவில்லை. செலவு சப்ளையருக்கு, பலன் கடைக்கு. அந்தத் திட்டம் சுருங்கிப்போனது. பிறகு ஆடைக் கடைகள் எடுத்துக்கொண்டன. துணியில் உலோகமும் இல்லை, தண்ணீரும் இல்லை. சைஸும் நிறமும் பெருகியதால் எண்ணுவது பெரிய தலைவலி. டேக்குக்கு ஏற்ற பொருள் இதைவிட வேறில்லை.

ஜாராவின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் 2014 வாக்கில் இதைப் பரவலாக்கியது. டெக்கத்லான், யுனிக்லோ கடைகளில் கூடையை வைத்ததும் பில் வருவது இதனால்தான். கடையில் ஒருவர் கையில் ரீடரோடு ரேக்குகளுக்கு நடுவே நடந்தால், நாள்முழுக்க எண்ணிய ஸ்டாக் சீக்கிரமே முடிகிறது. எம் சைஸ் கடையிலேயே இருந்தும் 'இல்லை' என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் நஷ்டம் குறைகிறது.

திருப்பூரில் இந்த வேலை பேக்கிங் செக்‌ஷனில் நடக்கிறது. விலை அட்டைக்குள்ளோ பக்கத் தையலில் வரும் லேபிளுக்குள்ளோ டேக் இருக்கும். கட்டிய அட்டைப்பெட்டியை ரீடர் பொருத்திய சுரங்கம் மாதிரியான கூண்டுக்குள் தள்ளினால், எம் எத்தனை, எல் எத்தனை என்று திறக்காமலே தெரிந்துவிடும். பெட்டிக்குள் ஒரு பீஸ் குறைந்தாலும் அபராதம் போடும் வெளிநாட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பெட்டி கட்டுகிற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், திறந்து மறுபடி எண்ணும் இரவு வேலை எவ்வளவு குறைந்தது என்று சொல்வார்கள்.

ரயிலில் இதற்கு என்ன வேலை?

மோதல் தடுப்புக்கான 'கவச்' அமைப்பின் அடியில் ஆர்.எஃப்.ஐ.டிதான் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே சிலிப்பர் கட்டையில் டேக் பதித்திருப்பார்கள். நிலையங்களில் நெருக்கமாக, நடுவழியில் ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒன்று. எஞ்சினின் அடிப்புறத்து ரீடர் அதைக் கடக்கும்போது, எந்தப் பாதையில், எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை எஞ்சின் தெரிந்துகொள்கிறது. இரண்டு பாதைகள் பக்கம் பக்கமாக ஓடும் இடத்தில் ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்பி எந்தப் பாதை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் டேக் சொல்லிவிடும். மழை, தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு உயிர்காக்கும் வேலை செய்கிறது அந்தச் சின்னப் பெட்டி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் தொழில் மேல் மரியாதை கூடுகிறது.

துறைமுகத்திலும் இது உண்டு. ஏற்றுமதி இறக்குமதி கண்டெய்னர்களில் டேக் ஒட்டி, எந்தச் சாவடியைத் தாண்டியது என்று பார்க்கும் தரவு வங்கி 2016இல் மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கியது. பிறகு தெற்குத் துறைமுகங்களுக்கும் வந்தது.

நூலகம், மருத்துவமனை?

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் நூலகம் 1998இலேயே ஆர்.எஃப்.ஐ.டிக்கு மாறி உலகுக்கு வழிகாட்டியது. புத்தகத்தை நீங்களே பதிந்து எடுக்கலாம், நள்ளிரவிலும் பெட்டியில் போட்டுத் திருப்பலாம்.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பஞ்சு வயிற்றுக்குள் தங்கிவிடாமல் பார்க்கவும், ரத்தப் பைகள், சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகளை எண்ணவும் பயன்படுகிறது. பல சலவைகளைத் தாங்கும் துணி டேக்குகள் தனியாக உண்டு.

என் ஆபீஸ் கார்டை யாராவது நகல் எடுக்க முடியுமா?

125 கிலோஹெர்ட்ஸ் பழைய வகை என்றால், முடியும், அதுவும் எளிதாக. கேட்டவர்க்கெல்லாம் எண்ணை அப்படியே சொல்லும் கார்டு அது. மைஃபேர் கிளாசிக் என்ற பரவலான கார்டு வகையின் பூட்டை 2008இல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். புதிய கார்டுகள், ரீடர் ஒவ்வொரு முறையும் கேட்கும் புதுக் கேள்விக்கு ரகசியச் சாவியால் கணக்குப் போட்டுப் பதில் சொல்பவை. பணமோ மருந்தோ பூட்டி வைக்கும் அறை என்றால் பழைய கார்டை மாற்றுங்கள்.

பாஸ்போர்ட் சிப்பைப் பையில் இருக்கும்போதே படித்துவிட முடியாது. உள்ளே அச்சிட்ட வரிகளை முதலில் ஸ்கேன் செய்து, அதிலிருந்து கிடைக்கும் சாவியைக் கொடுத்தால்தான் சிப் வாய்திறக்கும். உலகில் முதலில் இத்தகைய பாஸ்போர்ட் கொடுத்தது மலேசியா, 1998இல். நம் நாட்டில் 2024இல் தொடங்கியது.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

பேட்டரியில்லாத டேக் தானாக எதையும் வீசுவதில்லை. ரீடரின் சக்திக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கடைவாசலில் ரீடர் பொருத்திய கேட்டில் சாய்ந்து நிற்காமல் சாதாரணமாக நடந்து கடந்துவிடுங்கள்.

எங்கள் குடோனுக்குப் போடலாமா? எவ்வளவு ஆகும்?

மொத்தமாக வாங்கினால் காகித டேக் சில ரூபாய்தான். உலோகத்தின் மேல் ஒட்டும் டேக் அதைவிடப் பலமடங்கு. ரீடர், ஆன்டெனா, கேபிள் சேர்ந்து ஒரு வாசலுக்கு லட்சத்தைத் தொடலாம். ஆனால் பெரும் செலவு, ஏற்கெனவே இருக்கும் பில்லிங் மென்பொருளோடு இதைக் கோப்பதில்தான்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடோன் வாசலில் ரீடர் மாட்டினோம். முதல் நாளே லாரியில் ஏறியதாகக் காட்டிய பெட்டிகள், ஏற்றியதைவிட அதிகம். என்னவென்று பார்த்தால், வாசலுக்கு அருகே அடுக்கி வைத்திருந்த மறுநாள் சரக்கும் பதில் சொல்லியிருந்தது. இரும்பு ஷட்டரில் அலை பட்டுத் திரும்பி, நாங்கள் நினைக்காத மூலைக்குப் போயிருந்தது. சக்தியைக் குறைத்து, ஆன்டெனாவைச் சாய்த்து, தரையில் மஞ்சள் கோடு போட்டு அதற்குள் சரக்கு வைக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்ய மூன்று நாள் பிடித்தது. கடைசியில் பிரச்சினையைத் தீர்த்ததில் பெரும்பங்கு அந்தக் கோட்டுக்குத்தான்.

அதனால் வாங்குவதற்கு முன் விற்பவரை உங்கள் இடத்துக்கே கூப்பிடுங்கள். அவர் கொண்டுவரும் மாதிரி அட்டையில் வேண்டாம், உங்கள் எண்ணெய் டின்னில், உங்கள் ஈரச் சாக்கில், உங்கள் இரும்பு ரேக்கில் டேக்கை ஒட்டிப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நூறு பெட்டியை உள்ளே தள்ளி, திரையில் நூறு வருகிறதா என்று பாருங்கள். தொண்ணூற்றேழு வந்தால் விட்டுப்போன மூன்று எவை, ஏன் என்று அவர் வாயால் கேளுங்கள். ஷட்டரைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.